மடியில் கிடத்திய கிட்டார்: கம்பியை ஏற்றுவதா, இறக்குவதா?

பரணில் ஒன்பது ஆண்டுகளாகக் கிடந்த ஒரு சாதாரண ஆறு கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரை ஹவாய் ஸ்டீல் கிட்டாராக மாற்றிய வேலையின் பதிவு இது. அந்தக் கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான பிரட்டுகளில் முதல் மூன்று தேய்ந்து குழி விழுந்திருந்தன; கழுத்தும் சற்றே முன்னோக்கி வளைந்திருந்தது. விரலால் அழுத்தி வாசிப்பதற்கு அது இனி உதவாது. ஆனால் ஹவாய் முறையில் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளை விரலால் அழுத்தாமல், அவற்றின் மேல் ஓர் உருக்குத் தண்டை வைத்து நகர்த்துகிறார்கள். தண்டு கம்பியைத் தொடுகிறதே தவிரப் பலகைவரை அழுத்துவதில்லை. ஆகவே பிரட்டுகள் வெறும் அளவுக்கோடுகளாகிவிடுகின்றன, கோடு தேய்ந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இந்தக் கணக்கில்தான் வேலையைத் தொடங்கினேன். கணக்கு சரியாகவே இருந்தது. தவறு வேறிடத்தில் நேர்ந்தது.

ஹவாய் மொழியில் இந்த வாத்தியத்துக்குக் கீகா கிலா என்று பெயர். ஓவாஹு தீவின் லாயியே ஊரில் 1874-ல் பிறந்த ஜோசப் கெகுகு, 1889-ஐ ஒட்டிய மாணவப் பருவத்தில் சீப்பு, கத்தியின் முதுகு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கம்பியில் உரசிப் பார்த்து, பிறகு பள்ளிப் பட்டறையில் உருக்குத் தண்டைச் செய்துகொண்டார் என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இப்படி வாசித்ததாக ஒரு மாற்றுக் கதையும் உண்டு. யார் முதலில் என்பதில் எனக்கு அக்கறை குறைவு. கெகுகு செய்த இரண்டு காரியங்களைத்தான் நானும் செய்ய வேண்டியிருந்தது: வழவழப்பான கனத்த தண்டு ஒன்றைச் செய்துகொள்வது, கம்பிகளைப் பலகையிலிருந்து நன்றாக உயர்த்துவது.

தண்டுக்காக லேத் பட்டறை ஒன்றுக்குச் சென்று, 19 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துருப்பிடிக்காத உருக்குக் கம்பியில் 76 மில்லிமீட்டர் வெட்டி, ஒரு முனையை மட்டும் தோட்டா முனைபோல் உருட்டித் தரச் சொன்னேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார் பட்டறைக்காரர். கிட்டாருக்கு என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தண்டின் எடை ஏறக்குறைய 170 கிராம் வந்தது. லேத்தில் கடைந்த வரிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கம்பிக்குத் தெரியும். தண்டை நகர்த்தும்போதெல்லாம் கிர்ரென்ற உரசல் கேட்டது. 400, 800, 1200, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, குறுக்கே தேய்க்காமல் தண்டின் நீளவாக்கில் தேய்த்து, கடைசியில் மெருகுப் பசை போட்டுத் துணியால் துடைத்தேன். ஒரு மாலை முழுவதும் அதற்கே போயிற்று. அந்த மாலையைச் சுருக்கியிருந்தால் பிறகு ஒவ்வொரு நாளும் அதற்கு வட்டி கட்டியிருப்பேன்.

கம்பிகளை உயர்த்த, இருக்கும் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையின்) மேல் கவிழ்த்து வைக்கும் உலோக நட் உயர்த்தி கடைகளில் கிடைக்கிறது. வாங்க மனமில்லாமல், 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றின் தலையை அறுத்து, பழைய நட்டைக் கழற்றிய இடத்தில் படுக்க வைத்தேன். போல்ட்டின் மரைகளே கம்பிகளுக்குப் பள்ளமாகும் என்பது எண்ணம். மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர், ஐந்து மரைக்கு ஒரு கம்பி என்று வைத்தால் கம்பிகளுக்கிடையே 7.5 மில்லிமீட்டர் கிடைக்கிறது. இடைவெளி அழகாகத்தான் அமைந்தது. ஆனால் கம்பி தொடங்கும் இடம் நட்டின் முன் விளிம்பாக இருக்க வேண்டும். உருண்டையான போல்ட்டிலோ அதன் முகடுதான் அந்த இடம். முகடு விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் பின்னால் இருந்ததால், கம்பியின் சரிபாதி பன்னிரண்டாம் கோட்டுக்கு மேல் அமையாமல் நட்டின் பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் விலகிப் போனது. கோடுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லத் தொடங்கின. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைக்குப் போய் நட் உயர்த்தியையே வாங்கிவந்தேன். அது கம்பிகளைப் பலகையிலிருந்து 10 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தியது.

மறுமுனையில் பிரிட்ஜின், அதாவது கிட்டார் உடலின் மேற்பலகையில் ஒட்டிய கம்பி தாங்கியின், மேலுள்ள சாடில் என்ற சிறு பட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது. சாதாரணக் கிட்டாரில் சாடில் சற்றுச் சாய்வாக இருக்கும். தடித்த கம்பிகளைப் பலகைவரை அழுத்தும்போது அவற்றின் சுருதி அதிகமாக ஏறிவிடுவதைச் சரிக்கட்டவே அந்தச் சாய்வு. அழுத்தவே போவதில்லை எனும்போது அது உபத்திரவம்தான். தடித்த கம்பி மூன்று மில்லிமீட்டர் நீளமாக இருந்தால், பன்னிரண்டாம் கோட்டில் தண்டை நேராக வைத்தாலும் அந்தக் கம்பி மட்டும் எட்டு சென்ட் தாழ்ந்து ஒலிக்கும். (நிலம் அளக்கும் சென்ட் அல்ல, ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு.) ஆகவே எலும்புத் துண்டு ஒன்றை அராவி, கீழே பள்ளத்தின் சாய்வுக்குப் பொருந்தியும் மேலே முகடு இயன்றவரை நேராகவும் இருக்கும்படி ஒரு புதிய சாடில் செய்தேன். அதோடு நின்றிருக்கலாம். நட் பக்கம் உயரம் கூடிவிட்டதே, இந்தப் பக்கமும் ஈடாக இருக்கட்டும் என்று சாடிலையும் நான்கு மில்லிமீட்டர் உயர்த்தினேன். முதல் தவறு அதுதான்.

இரண்டாவது தவறு சுருதியில் நேர்ந்தது. வழக்கமான கிட்டாரின் கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று இருக்கும். ஹவாய் வாசிப்பில் கம்பிகள் எல்லாம் சேர்ந்து திறந்த நிலையிலேயே, அதாவது தண்டு தொடாமலேயே, ஒத்திசைந்த ஒரு முழு நாதத்தைத் தர வேண்டும்; நேரான ஒரு தண்டால் அப்போதுதான் எங்கு வைத்தாலும் நாதம் கிடைக்கும். பழைய ஹவாய் வாசிப்பில் நெடுங்காலம் வழங்கிய தாழ் ஏ என்ற அமைப்பில் வரிசை ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. நம் கணக்கில் சொன்னால் பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். வழக்கமான சுருதியிலிருந்து அங்கே போக நான்காவது, மூன்றாவது, இரண்டாவது கம்பிகள் மூன்றையும் (எண்ணிக்கையில் மெல்லிய கம்பியே முதலாவது) இரண்டிரண்டு அரைச்சுரம் ஏற்ற வேண்டும். இறக்க வேண்டிய கம்பி ஒன்றுகூட இல்லை.

கம்பியின் நீளமும் கனமும் மாறாத வரையில், இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் அந்தக் கம்பியின் இழுவிசை 26 சதவீதம் கூடும். 12 முதல் 53 வரையான (கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய கம்பித் தொகுதி வழக்கமான சுருதியில் கிட்டாரின் மேற்பலகையை ஏறக்குறைய 74 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது. தாழ் ஏ அமைப்பில் அதன்மேல் இன்னும் 10 கிலோ ஏறுகிறது. அதோடு உயர்ந்த சாடில் நெம்புகோலாக வேலை செய்து பிரிட்ஜை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. இந்தக் கணக்கை நான் போட்டது, நான்காம் நாள் இரவு, கிட்டார் சுவரோரம் சும்மா சாய்ந்திருந்தபோது, டக்கென்று ஒரு சத்தம் கேட்டதற்குப் பிறகுதான்.

பிரிட்ஜின் பின் விளிம்பு மேற்பலகையிலிருந்து பிளந்திருந்தது. ஒரு தாளை நுழைத்தபோது ஏழு மில்லிமீட்டர் உள்ளே சென்றது. மேற்பலகையும் பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பைபோல் எழும்பியிருந்தது. கம்பிகளை உடனே தளர்த்தினேன். இப்படிப் பிளந்ததை அப்படியே விட்டால் மற்றொரு விளிம்பு வரும்போது மேற்பலகையின் மர நாரையும் உரித்துக்கொண்டு வரும்.

பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, பிளவில் நுழைத்து, பொறுமையாகப் பக்கவாட்டில் அசைத்து அசைத்துப் பிரிட்ஜை முழுதாகப் பெயர்த்தெடுத்தேன். அவசரப்பட்ட ஒரே இடத்தில் நகத்தளவு சிராய் உரிந்து வந்தது. அடியில் பார்த்தபோது ஒட்டு விட்ட காரணம் ஓரளவு புலப்பட்டது. ஓரங்களில் வார்னிஷைச் சுரண்டாமல் அதன் மேலேயே பசை போட்டிருந்தார்கள்; மரத்தோடு மரமாகப் பசை பிடித்தது நடுவில் மட்டும்தான். வழக்கமான இழுவைக்கு அது போதுமாக இருந்திருக்கிறது, என் கூடுதல் 10 கிலோவுக்குப் போதவில்லை. பிரிட்ஜின் வடிவத்தைக் கத்தி முனையால் கோடிட்டு, உள்ளே இருந்த வார்னிஷை முழுதும் சுரண்டி வெறும் மரத்தைக் காட்டினேன். தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையே இந்த வேலைக்கு உகந்தது. பின்னொரு நாள் மீண்டும் கழற்ற நேர்ந்தால் சூட்டுக்கு இளகும். அதைக் காய்ச்சுவதற்குள்ள பொறுமை எனக்கு இல்லாததால் வெள்ளை மரப்பசையையே பூசி, ஒலித்துளை வழியாக உள்ளே ஒரு பிளைவுட் துண்டை அண்டைக் கொடுத்து, மூன்று கிளாம்புகளால் இறுக்கி ஒரு நாள் விட்டேன். கம்பி மாட்டியது மூன்றாம் நாள்தான். சாடிலையும் பழைய உயரத்துக்கே அராவிக் குறைத்துவிட்டேன்.

இந்த மூன்று நாள் காத்திருப்பில்தான் வேலையின் போக்கு மாறியது. ஹவாயில் ஸ்டீல் கிட்டாருக்கு முன்பே வேரூன்றிய வேறொரு கிட்டார் மரபு உண்டு. மூன்றாம் கமேஹமேஹா மன்னரின் காலத்தில், 1830-களில், மாடு மேய்ப்பதைக் கற்பிக்க வரவழைக்கப்பட்ட மெக்சிகோ நாட்டு மாட்டுக்காரர்களோடு தீவுகளில் பரவிய கிட்டாரை, ஹவாய் மக்கள் தங்கள் விருப்பப்படி கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்து வாசித்தார்கள். அந்த மரபின் பெயர் கீ ஹோஆலு. பொருளும் கம்பியைத் தளர்த்துவதுதான். அதில் மிகப் பரவலாக வழங்கும் சேப்பங்கிழங்கு வயல் என்ற பெயருள்ள சுருதியின் வரிசை டி, ஜி, டி, ஜி, பி, டி. அதையும் தாழ் ஏ வரிசையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான்! பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம். ஒவ்வொரு கம்பியும் இரண்டு அரைச்சுரம் கீழே, அவ்வளவுதான். ஆனால் வழக்கமான சுருதியிலிருந்து இங்கே வர ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகள் மூன்றையும் இறக்கினால் போதும். ஏற்ற வேண்டிய கம்பி ஒன்றுமில்லை. எந்த மூன்று கம்பிகளைத் தொடாமல் விட்டேனோ அவற்றைத் தளர்த்துவதும், எந்த மூன்றை ஏற்றினேனோ அவற்றைத் தொடாமல் விடுவதும் அதே நாதத்தைத் தருகின்றன. மேற்பலகையின் சுமையோ 10 கிலோ கூடுவதற்குப் பதிலாக 7 கிலோ குறைகிறது.

இறக்குவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தளர்ந்த மெல்லிய கம்பிகள் 170 கிராம் தண்டின் கீழ்த் தொய்ந்தன. சுரம் நடுங்கியது, கம்பிக்கும் தண்டுக்கும் இடையே ஒரு சலசலப்பும் எழுந்தது. 13 முதல் 56 வரையான தடித்த தொகுதிக்கு மாறியதும் அது தீர்ந்தது. தடித்த கம்பியும் தாழ்ந்த சுருதியும் சேர்ந்து, சுமை ஏறக்குறைய பழைய வழக்கமான அளவுக்கே திரும்பிவிட்டது. ஆறாவது, ஐந்தாவது கம்பிகளையும் மேலே ஏற்றி ஜி, பி, டி, ஜி, பி, டி என்று அமைப்பவர்கள் உண்டு. அது சதுரக் கழுத்துள்ள, உள்ளே உலோகக் கூம்பு வைத்து ஒலியைப் பெருக்கும் ரெசனேட்டர் கிட்டார்களுக்கானது. அவற்றின் கழுத்தும் உடலும் அந்த இழுவைக்கென்றே கட்டப்பட்டவை. என்னுடையதைப் போன்ற மலிவுக் கிட்டாரில் அதை முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

இனிச் சுருதி சேர்த்த முறை. சுருதி காட்டும் மின்னணுக் கருவியின் பச்சை விளக்கை மட்டும் நம்பி ஆறு கம்பிகளையும் சேர்த்துவிட்டு ஒருசேர மீட்டினால், நாதம் எங்கோ புளித்திருப்பதுபோல் இருந்தது. குற்றவாளி இரண்டாவது கம்பியான பி, அதாவது காந்தாரம். கருவி காட்டும் காந்தாரம் எல்லாச் சுருதிகளுக்கும் பொதுவாகச் சமப்படுத்தப்பட்டது. இயற்கையான காந்தாரம் அதைவிட 14 சென்ட் தாழ்ந்தது. தம்புரா மீட்டும்போது யாரும் மீட்டாமலே மந்தர ஸட்ஜத்திலிருந்து எழும் சுயம்பு காந்தாரம் அதுதான். அதை இந்தக் கிட்டாரிலேயே கேட்கலாம். ஐந்தாவது கம்பியான ஜி மட்டும் கருவியைப் பார்த்துச் சேர்க்கப்படுகிறது. பிறகு அந்தக் கம்பியில் நான்காம் கோட்டுக்கு நட்டின் பக்கமாக நான்கு மில்லிமீட்டர் தள்ளி, கம்பியின் ஐந்தில் ஒரு பங்கு முடியும் இடத்தில், விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் மீட்டிச் சட்டென்று விரலை எடுத்தால், மெலிந்த ஒரு மணியோசை எழும். இரண்டாவது கம்பியில் பன்னிரண்டாம் கோட்டின் மேல் அப்படியே செய்தால் இன்னொரு மணியோசை எழும். இரண்டையும் ஒருசேர ஒலிக்க விட்டுக் கேட்டபோது, கருவியின்படி சேர்த்த நிலையில் நொடிக்கு நான்கு விம்மல்கள் கேட்டன: வவ்-வவ்-வவ்-வவ். முறுக்காணியை மயிரிழை தளர்த்தினேன். மூன்றாயிற்று, ஒன்றாயிற்று, பிறகு விம்மலே நின்று ஓசை நேர்கோடாயிற்று. கருவியைப் பார்த்தால் பி பதினான்கு சென்ட் குறைவு என்று சிவப்பு காட்டியது. காட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்றவை எளியவை. மூன்றாவது கம்பியின் திறந்த ஓசை ஐந்தாவதின் பன்னிரண்டாம் கோட்டு மணியோசையோடு ஒன்ற வேண்டும். முதல் கம்பியின் திறந்த ஓசை, ஐந்தாவதின் ஏழாம் கோட்டு மணியோசை, நான்காவதின் பன்னிரண்டாம் கோட்டு மணியோசை, ஆறாவதின் ஐந்தாம் கோட்டு மணியோசை ஆகிய நான்கும் ஒரே டி. புதுக் கம்பி முதல் இரண்டு நாள் இளகிக்கொண்டே இருக்கும் என்பதால் இந்தச் சுற்றைப் பலமுறை செய்ய நேர்ந்தது. நாலாம் முறைக்குள் கை பழகிவிட்டது.

வாசிப்பில் முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு சுரமும் சுருதி பிசகியே ஒலித்தது. தண்டைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்ததாகத்தான் என் கண் சொன்னது. காரணம் கழுத்து வலித்தபோது புரிந்தது: நான் குனியாமல், பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டு பலகையிலிருந்து 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 பாகை சாய்வாகப் பார்த்தால் அது ஆறு மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாகத் தோன்றும். பன்னிரண்டாம் கோட்டருகே ஓர் அரைச்சுரத்தின் அகலமே 19 மில்லிமீட்டர்தான். ஆக மூன்றில் ஒரு பங்கு அரைச்சுரம் பிசகும். நாற்காலியைத் தாழ்த்தி, கிட்டாரை மடியில் கொஞ்சம் நகர்த்தி, தலை நேர் மேலே வரும்படி உட்கார்ந்ததும் பாதிப் பிழை போயிற்று. மீதிப் பாதியைக் காதுதான் திருத்த வேண்டும். திறந்த ஜி கம்பிகளைத் தம்புராபோல் ஒலிக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் கோட்டைத் தேடும் பயிற்சியை நாள்தோறும் கால் மணி நேரம் செய்தேன்.

தண்டைப் பெருவிரலும் நடுவிரலும் பிடிக்க, சுட்டுவிரல் மேலே படிய, மோதிர விரலும் சுண்டு விரலும் தண்டுக்குப் பின்னால் கம்பிகள் மேல் இழைந்து வர வேண்டும். இந்தப் பின்விரல்களை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. தண்டுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள கம்பித் துண்டும் அதிரும் என்பது, தகரம் உருட்டுவதுபோல் ஒரு பின்னணிச் சத்தம் விடாமல் வந்தபோதுதான் தெரிந்தது. வலக்கையில் பெருவிரலுக்கு ஒன்றும் மற்ற இரண்டு விரல்களுக்கு உலோகத்தில் இரண்டுமாக விரல்முள்கள். ஒலிக்கக் கூடாத கம்பிகளை அந்தக் கையின் உள்ளங்கை ஓரம் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உண்மையில் மீட்டுவதைவிட அணைப்பதுதான் அதிக வேலை.

தண்டைச் சாய்த்து வைப்பது அடுத்த படி. முதல், மூன்றாம் கம்பிகள் நேரான தண்டில் ஸட்ஜ பஞ்சமமாக ஒலிக்கின்றன; மூன்றாம் கம்பியின் பக்கத்தை ஒரு கோடு முன்னே தள்ளினால் இடைவெளி அரைச்சுரம் குறைந்து, முடிவை நோக்கி ஏங்கும் நாதம் கிடைக்கிறது. பன்னிரண்டாம் கோட்டருகே இது இயலும். மூன்றாம் கோட்டருகே ஓர் அரைச்சுரத்தின் அகலம் 30 மில்லிமீட்டருக்கு மேல் போவதால் தண்டு கம்பிகளோடு ஏறக்குறைய இணையாகப் படுத்துவிடுகிறது. அங்கே சாய்க்கும் ஆசையை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு பழக்கக் கோளாறும் உண்டு. கையில் வழுக்கும் தண்டு இருப்பதால் ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து வழுக்கிக்கொண்டே சென்று பிடிக்கத் தோன்றும். பிரட்டில்லாத பலகையில் கட்டையை நகர்த்தி, 21 தந்திகளோடு வாசிக்கும் சித்ரவீணையில், அதாவது கோட்டு வாத்தியத்தில், அந்த வழுக்கலே உயிர். 1967-ல் வெளிவந்த கால் ஆஃப் தி வேலி இசைத்தட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா இதே ஹவாய் கிட்டாரில் இந்துஸ்தானி ராகங்களின் மீண்ட் எனப்படும் வழுக்கல்களைக் கொண்டுவந்தார். ஹவாய் வாசிப்பின் அழகு வேறு: பல சுரங்களைத் தண்டை எடுத்து வைத்துச் சுத்தமாகப் பிடித்து, ஒரே ஓர் இடத்தில் நீண்டு வழுக்கி, அங்கே போய் மெதுவாக அசைப்பது. எல்லா இடத்திலும் வழுக்கினால் எந்த இடமும் எடுபடாது. இதை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

1930-களில் மின்சார ஸ்டீல் கிட்டார் வந்த பிறகு ஆறாம் சுரத்தையும் சேர்த்த சி ஆறு போன்ற அமைப்புகள் பெருகின. மின்சாரக் கருவிக்கு அதிரும் மேற்பலகையே தேவையில்லாததால் இழுவைக் கவலையும் அங்கே குறைவு. 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் வாணலி என்ற புகழ்பெற்ற கருவி முழுக்க முழுக்க அலுமினிய வார்ப்பு. எனக்கு இப்போதைக்கு ஜி போதும். கம்பியை ஏற்றத் தோன்றும்போதெல்லாம் அதே சுருதியில் இரண்டாம் கோட்டில் தண்டை வைக்கிறேன், அது ஏ.

பிரிட்ஜை ஒட்டி இன்றோடு பதினோரு வாரம். வாரத்துக்கு ஒருமுறை அதே தாளை அதன் பின் விளிம்பில் நுழைத்துப் பார்க்கிறேன். இன்று காலையும் நுழையவில்லை.